ஊர்ப் பொதுச் சொத்தில் மின்சாரச் சிக்கனம்
ஓடந்துறை காட்டிய வழியும் ஜவ்வாது மலைக்குரிய பாடமும்

கூட்டுறவு என்னும் சொல்லுக்குப் பலர் பலவாறு பொருள் கூறுவர். எனினும் அதன் அடிப்படையில் இரண்டு குணங்கள் உள்ளன என்பதை யாவரும் ஒப்புவர். ஒன்று சிக்கனம், மற்றொன்று பொதுப் பொருளைத் தன் பொருள்போல் பேணும் பொறுப்பு. நம் சங்கத்துப் பெட்டியில் ஒரு ரூபாய் குறைந்தால் கணக்குக் கேட்கிறோம். நூல் கட்டில் ஒரு சிட்டம் குறைந்தாலும், சாமை மூட்டையில் ஒரு படி குறைந்தாலும் அங்கத்தினர் எழுந்து நின்று காரணம் வினவுகின்றனர். ஆனால் ஊர்த் தெருவில் காலை எட்டு மணிக்கும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், அதைக் கண்டும் காணாதவர்போல் நடந்து செல்கிறோம். அந்த விளக்கிற்குரிய கட்டணத்தைச் செலுத்துபவர் யார் என்னும் கேள்வி நம் உள்ளத்தில் எழுவதேயில்லை.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் உழவர்களின் பாசனப் பம்புகளுக்குக் கட்டணமின்றி மின்சாரம் வழங்கப்பட்டு வருகிறது. 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். கைத்தறி நெசவாளருக்கு அளிக்கப்பட்ட 200 யூனிட் சலுகை 2023-இல் 300 யூனிட்டாகவும், விசைத்தறியாளருக்கு அளிக்கப்பட்ட 750 யூனிட் சலுகை 1,000 யூனிட்டாகவும் உயர்த்தப்பட்டன. இவை உழைப்பவருக்குத் தேவையான உதவிகளே. ஆயினும், நமக்கு இலவசமாக வருவதால், மின்சாரமே விலையில்லாப் பொருள் என்னும் மயக்கம் நம்மிடையே பரவிவிட்டது. ஊராட்சிக்கு அத்தகைய இலவசம் கிடையாது. தெருவிளக்கிற்கும், குடிநீர்ப் பம்பிற்கும், அலுவலகக் கட்டடத்திற்கும் அது யூனிட் கணக்கில் பணம் செலுத்தியே ஆக வேண்டும். அந்தப் பணம் நம்முடைய வீட்டு வரியிலிருந்தும், நமக்கென்று அரசு அளிக்கும் நிதியிலிருந்தும் எடுக்கப்படுவதாகும். மின் கட்டணச் சீட்டில் உயரும் ஒவ்வொரு ரூபாயும் வேறோரிடத்தில் குறைகிறது. போடப்படாத குழாய், செப்பனிடப்படாத பாதை, கூரை ஒழுகும் அங்கன்வாடி ஆகியவற்றில் அந்தக் குறைவைக் காணலாம்.

ஜவ்வாது மலைபோன்ற பகுதியில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை ஆகும். மலையூர்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளவை, வரி வருமானம் சொற்பம். ஆனால் ஆழத்திலிருந்து நீரை ஏற்றும் செலவும், சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கு விளக்கேற்றும் செலவும் சமவெளியைவிடக் குறைந்தவை அல்ல. எனவே, வருவாய் குறைந்த ஊராட்சி ஒன்று மின் செலவைக் கட்டுப்படுத்துவது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

ஓடந்துறை செய்தது என்ன?

இதில் நமக்கு முன்னோடியாக நிற்பது கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி. நீலகிரி மலையடிவாரத்தில், உதகை செல்லும் சாலையருகே உள்ள ஊர் அது. பெரிய ஆலைகளோ பெருவணிகமோ கொண்ட நகரமன்று. 1996 முதல் 2006 வரை அதன் தலைவராக இருந்தவர் திரு. ஆர். சண்முகம். அவருக்குப் பின் அவருடைய துணைவியார் திருமதி லிங்கம்மாள் அப்பொறுப்பை ஏற்றார்.

ஊரில் வசதிகள் பெருகப் பெருக மின் கட்டணமும் பெருகியது. புதிய குடியிருப்புகளுக்குத் தெருவிளக்கு வந்தது. குடிநீர்த் திட்டம் விரிவடைந்தது. அவற்றோடு கட்டணமும் பன்மடங்கு உயர்ந்தது. வளர்ச்சியே வருவாயை விழுங்கும் நிலையை எல்லா ஊராட்சிகளும் அறியும். பெரும்பாலோர் இதை விதியென்று ஏற்று, நிலுவையை அடுத்த ஆண்டிற்குத் தள்ளிவிடுவர். ஓடந்துறை, பணம் எந்தப் பொறியில் செலவாகிறது என்று கணக்கெடுத்துப் பார்த்தது. விளக்கும் குடிநீர்ப் பம்பும் இருபெரும் செலவுகள் என்பது தெளிவாயிற்று.

முதற்படியாகச் சில குடியிருப்புகளில் சூரிய ஒளித் தெருவிளக்குகள் நிறுவப்பட்டன. அடுத்து, 2003-ஆம் ஆண்டை ஒட்டி, 9 கிலோவாட் திறனுள்ள மரக்கழிவு எரிவாயுப் பொறி ஒன்று குடிநீர்ப் பம்பை இயக்குவதற்காக அமைக்கப்பட்டது. மரத்துண்டுகளைக் காற்றுக் குறைவான கலத்தில் எரித்தால் எரியக்கூடிய வாயு வெளிப்படும். அதைத் தூய்மைப்படுத்தி எஞ்சினுக்குள் செலுத்தி மின்சாரம் எடுக்கலாம். இதனால் பம்பு இயக்கும் செலவு பெரிதும் குறைந்தது. எனினும் இம்முறைக்கு ஓர் எல்லையுண்டு. மரக்கழிவு மலிவாகக் கிடைக்கும்வரைதான் மின்சாரமும் மலிவு. ஊர் வாழ்வை நெடுங்காலம் அதன்மேல் ஏற்றி வைக்க இயலாது.

அதன் பின்னரே அந்த ஊராட்சி பெரிய முயற்சியில் இறங்கியது. 2006-இல் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கிற்று. ஓடந்துறையில் காற்றாலைக்கேற்ற காற்று இல்லை. ஆகவே உடுமலைப்பேட்டைப் பகுதியிலுள்ள மைவாடியில் அது நிறுவப்பட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வீசும் நிலம் அது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின் வாரியத்தின் கம்பியில் சேர்ந்தது. ஊராட்சி தன் ஊரில் உபயோகித்ததற்கு ஈடாக அது கணக்கில் கொள்ளப்பட்டது. அங்கே ஊற்றிய நீரை இங்கே மொண்டுகொள்வது போன்ற ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம்.

இதற்கான மூலதனம் 1 கோடியே 55 லட்சம் ரூபாய். இத்தொகை திரட்டப்பட்ட விதமே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. 40 லட்சம் ரூபாய் ஊராட்சி தன் வருவாயிலிருந்து சேர்த்து வைத்திருந்த பணம். எஞ்சிய 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். சிறுகச் சிறுகச் சேர்த்த முதல் கையில் இருந்தமையால்தான் வங்கியின் முன் தலைநிமிர்ந்து நிற்க முடிந்தது. நம் கடன் சங்கங்களில் பங்குத்தொகை செலுத்தியவருக்கே கடன் என்னும் விதி ஏன் வந்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேண்டியதில்லை.

காற்றாலை ஆண்டொன்றுக்கு 6 லட்சத்து 75 ஆயிரம் யூனிட் அளவு மின்சாரம் தரும் என்று கணக்கிடப்பட்டது. ஊராட்சியின் தேவை ஏறத்தாழ 4 லட்சத்து 50 ஆயிரம் யூனிட். மிகுதி மின் வாரியத்திற்கு விற்பனை. 350 கிலோவாட் பொறி ஆண்டின் ஒவ்வொரு மணி நேரமும் முழுத் திறனோடு சுழன்றால் 30 லட்சத்திற்கு மேற்பட்ட யூனிட் கிடைக்க வேண்டும். காற்று அவ்வாறு வீசுவதில்லை. ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று அதிகமாகவே உண்மையில் கிடைக்கும். ஓடந்துறையார் இந்த உண்மையை அறிந்தே கணக்கிட்டனர். விற்பவர் கூறும் முழுத் திறனை நம்பித் திட்டம் தீட்டும் எவரும் கடனில் மூழ்குவர் என்பதை இங்கே நினைவிற்கொள்ளல் நலம்.

ஒரு கிராம ஊராட்சி காற்றாலைக்கு உரிமையாளராகியது நாட்டின் கவனத்தை ஈர்த்தது. பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பார்வையாளர் வந்தனர். ஆயினும் ஓடந்துறையின் பெருமை காற்றாலையில் மட்டும் அடங்கியதன்று. கணக்கெடுத்தல், சிறியதில் தொடங்குதல், சேமித்தல், பிறகு கடன் பெறுதல் என்னும் நான்கு படிகளை வரிசை மாறாமல் ஏறியதே அதன் பெருமை. ஒரு காற்றாலை வாங்க இயலாத ஊரும் முதல் மூன்று படிகளை ஏறலாம். காற்று மின்சாரத்தைக் கணக்கில் கொள்ளும் விதிகள் அன்றிருந்தவாறே என்றும் இருப்பவை அல்ல. ஆதலின் நான்காம் படியில் கால் வைக்குமுன் நடைமுறையிலுள்ள ஆணைகளைக் கேட்டறிந்து கொள்ள வேண்டும்.

மலையில் நீரேற்றும் செலவு

நிற்க. ஜவ்வாது மலைக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டத்திலும், 2019-இல் வேலூரினின்றும் பிரிந்து தனி மாவட்டமான திருப்பத்தூரிலும் பெரும்பகுதி பரவி நிற்பது இம்மலை. போளூரிலிருந்து மேலேறினால் ஜமுனாமரத்தூர். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியே ஏறினால் காவலூர். மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விதைத்தும், புளியும் தேனும் கடுக்காயும் சேகரித்தும் வாழும் இடம். இங்கே ஓடந்துறையின் மரக்கழிவுப் பொறியை அப்படியே கொண்டுவந்து வைத்தல் அறிவுடைமையாகாது. மரம் அறுக்கும் பட்டறைகள் நிறைந்த ஊரில் கழிவாகக் கிடப்பது இங்கே காட்டில் நிற்கும் மரம். பொறிக்குத் தீனி போடவென்று காட்டில் கை வைத்தால் தேனும் போகும், ஊற்றும் போகும். எனவே மலைக்குரிய முதற் பாடம், புதிய மின்சாரம் தேடுவதற்கு முன் இருக்கும் மின்சாரம் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தலேயாகும்.

ஒழுகும் இடங்களில் முதன்மையானது குடிநீர்ப் பம்பு. ஆயிரம் லிட்டர் நீரை 100 மீட்டர் உயரம் ஏற்றுவதற்கு, இழப்பே இல்லையென்று கொண்டால், ஏறத்தாழ கால் யூனிட் மின்சாரம் போதும். நடைமுறையில் மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் இழப்பு நேர்கிறது. நல்ல நிலையிலுள்ள பம்பு தான் உண்ணும் மின்சாரத்தில் பாதியை நீரேற்றும் வேலையாக மாற்றும். பழுதுபட்ட பம்பு மூன்றில் ஒரு பங்கைக்கூட மாற்றுவதில்லை.

ஒரு மலைக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 40 ஆயிரம் லிட்டர் நீர், 60 மீட்டர் உயரம். ஜல் ஜீவன் திட்டம் வகுத்த ஆளுக்கு 55 லிட்டர் என்னும் அளவின்படி இது எழுநூறு பேருக்குச் சற்று மேற்பட்டோரின் தேவை. இழப்பின்றி ஏற்ற ஆறரை யூனிட் போதும். நூற்றுக்கு 30 பங்கு திறனுள்ள பழைய பம்பு இதற்கு ஏறக்குறைய 22 யூனிட் உண்ணும். 50 பங்கு திறனுள்ள பம்பு 13 யூனிட்டில் முடிக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 யூனிட் மீதம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 25 ஆயிரம் ரூபாய் மிச்சம். இது ஒரே ஒரு பம்பின் கணக்கு. ஓர் ஊராட்சியில் இத்தகைய பம்புகள் பல.

பம்பு ஏன் திறன் இழக்கிறது? மோட்டார் எரிந்தால் மலிவாகக் கம்பி சுற்றிக் கொள்கிறோம்; மீண்டும் எரிந்தால் மீண்டும் சுற்றுகிறோம். சரியாகச் செய்யப்படாத ஒவ்வொரு சுற்றலிலும் திறன் சிறிது குறைகிறது. தேவைக்கு மிஞ்சிய குதிரைத்திறனுள்ள மோட்டாரைப் பெருமைக்காக வாங்கிப் போடுகிறோம். மேலேறும் குழாயைச் செலவு குறைக்கும் எண்ணத்தில் குறுகலாகப் போடுகிறோம். நீர் உராய்ந்து உராய்ந்து ஏறும்போது மின்சாரம் வீணாகிறது. மலைக் கிராமங்களில் மின்னழுத்தக் குறைவும் மிகுதி; அதனால் மோட்டார் சூடேறி எரிகிறது. கெப்பாசிட்டர் பொருத்துதல், அடிவால்வைச் செப்பனிடுதல், உயரத்திற்கும் ஆழத்திற்கும் ஏற்ற பம்பைத் தேர்ந்தெடுத்தல் ஆகியன பெருஞ்செலவில்லாத பரிகாரங்கள். 2001-இல் இயற்றப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2002-இல் அமைந்த மத்திய எரிசக்தித் திறன் அலுவலகம், பம்புகளுக்கும் நட்சத்திர முத்திரை வழங்குகிறது. நட்சத்திரம் மிகுந்த பம்பு வாங்கும்போது விலை கூடும். ஆனால் பம்பின் வாழ்நாளில் அதன் விலையைப்போல் பல மடங்கு பணம் மின்சாரத்திற்கே செலவாகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, மேலேறிய நீர் கீழே எவ்வாறு வீணாகிறது என்று பாருங்கள். நிமிடத்திற்கு ஒரு லிட்டர் ஒழுகும் தெருக்குழாய் ஒரு நாளில் 1,440 லிட்டரைக் கொட்டிவிடுகிறது. இருபத்தாறு பேருக்குரிய குடிநீர் அது. அந்நீரை ஏற்றிய மின்சாரமும் அதனோடு சாக்கடைக்குப் போயிற்று. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவதும் இவ்வாறே. தொட்டி இயக்குபவர் ஒருவர் நான்கு ஊர்களுக்கு நடந்து சென்று வால்வு திறக்க வேண்டியிருக்கும் மலைப்பகுதியில் அவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்தும் மிதவைச் சாவி ஒன்று பொருத்தினால், அவர் காலும் ஓயும். ஊர்ப் பணமும் நிற்கும்.

விளக்கும் விண்மீனும்

அடுத்தது தெருவிளக்கு. 40 வாட் குழல் விளக்கு, பழைய சோக்கையும் சேர்த்து, ஏறத்தாழ 50 வாட் மின்சாரம் உண்ணும். அவ்வளவு வெளிச்சத்தைத் தெருவில் விழச்செய்ய 20 வாட் எல்.ஈ.டி. விளக்கு போதுமானது. நூறு விளக்குகள் நாளொன்றுக்கு 11 மணி நேரம் எரிந்தால், ஆண்டில் முன்னதற்கு 20 ஆயிரம் யூனிட்டும் பின்னதற்கு 8 ஆயிரம் யூனிட்டும் வேண்டும். மிச்சம் 12 ஆயிரம் யூனிட்; அதாவது யூனிட் 8 ரூபாய் கணக்கில் 96 ஆயிரம் ரூபாய். இந்தியா முழுவதும் தெருவிளக்குகளை இவ்வாறு மாற்றும் திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கப்பட்டது. பல ஊர்கள் மாறியும்விட்டன.

விளக்கை மாற்றிவிட்டால் மட்டும் கடமை முடிந்ததாகாது. நூறு குழல் விளக்குகள் விடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் எரிந்தால் ஆண்டில் 3,650 யூனிட் வெயிலில் கரைகின்றது. சாவி போடுபவர் இல்லாமையே இதற்குக் காரணம். பொழுது சாய்ந்ததும் எரியவும், விடிந்ததும் அணையவும் செய்யும் தானியங்கிச் சாவி ஒன்று சில விளக்குகளின் விலையில் கிடைக்கிறது.

ஜவ்வாது மலையில் தெருவிளக்கைப் பற்றிப் பேசுவோர் காவலூரை மறத்தல் இயலாது. கடல் மட்டத்திற்கு 725 மீட்டர் உயரத்தில், காட்டின் நடுவே, வானியலறிஞர் வைணு பாப்பு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் அது. 1968-இல் 38 செண்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே ஆய்வு தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் அளவுள்ள தொலைநோக்கி வந்தது. 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்பதற்கான சான்றைக் கண்ட வானாய்வு நிலையங்களுள் காவலூரும் ஒன்று. நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டபோது, அந்நிலையத்திற்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. 1988-இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் ஒன்று கணித மேதை இராமானுஜத்தின் பெயரைத் தாங்கி விண்ணில் சுற்றுகிறது.

இவ்வளவும் இயன்றது மலையின் இருளால். சுற்றுப்புற ஊர்களின் வெளிச்சம் வானத்தில் பரவினால் தொலைநோக்கி எவ்வளவு பெரிதாயினும் மங்கலான விண்மீன்கள் மறைந்துபோகும். அதற்காக மலைவாழ் மக்கள் இருட்டில் கிடக்க வேண்டுமோ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. பாம்பும் தேளும் உலவும் பாதையில், பிள்ளைகளும் பெண்களும் நடக்கும் வழியில், விளக்கு வேண்டும். ஆனால் அவ்விளக்கு பாதையில் விழ வேண்டும்; மேகத்தில் விழ வேண்டியதில்லை. வானத்தை நோக்கிச் சிதறும் ஒளிக்கும் ஊராட்சிதான் கட்டணம் செலுத்துகிறது. விளக்கின்மேல் மூடி வைத்து ஒளி முழுவதையும் கீழே திருப்பினால், குறைந்த வாட்டிலேயே பாதை தெளிவாகத் தெரியும். நீலம் கலந்த வெண்ணொளி காற்றில் மிகுதியாகச் சிதறும். மஞ்சள் சாயல் கொண்ட ஒளி குறைவாகச் சிதறும். ஆகவே மலைக்கு மஞ்சள் ஒளியே ஏற்றது. கொம்புத் தேனெடுக்கும் நம் அங்கத்தினர்க்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. மலைத்தேனீக்கள் இரவில் விளக்கொளியை நாடிவந்து மடிவதை அவர்கள் கண்டிருப்பர். இருள் காக்கப்படும் காட்டில் தேனும் காக்கப்படுகிறது.

இது கற்பனை யோசனையன்று. லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில், காவலூர் நிலையத்தை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வு நிலையம் உள்ளது. அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளைச் சேர்த்து 2022-இல் இருள்வானக் காப்பகம் அமைக்கப்பட்டது. விளக்குகளுக்கு மூடியிட்டு, விண்மீன் காண வரும் விருந்தினர்க்கு வழிகாட்டி, அவ்வூர் மக்கள் வருவாயும் பெறுகின்றனர். மின் சிக்கனம், அறிவியல், ஊர் வருமானம் ஆகிய மூன்றும் ஒரே விளக்கு மூடியின்கீழ் அமைந்துவிட்டன எனலாம்.

பள்ளி, மருத்துவ நிலையம், சங்கக் கிடங்கு

பம்பும் விளக்கும் போக, பொதுக் கட்டடங்கள் எஞ்சியுள்ளன. பழங்குடியினர் உண்டுறைப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், ஊராட்சி அலுவலகம், நியாய விலைக் கடை, நம் சங்கத்தின் கிடங்கு ஆகியன பெரும்பாலும் பகலில் இயங்குபவை. பகலில் இயங்கும் கட்டடத்திற்குச் சூரிய ஒளி மின்சாரம் மிகப் பொருத்தமானது. பத்துச் சதுர மீட்டர் கூரையில் ஒரு கிலோவாட் தகடுகளை அமைத்தால், நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ நான்கு யூனிட் கிடைக்கும். விசிறியும் விளக்கும் கணிப்பொறியும் கொண்ட சிறிய அலுவலகத்திற்கு அது பெரும்பாலும் போதும்.

சுகாதார நிலையத்தில் இதன் பயன் பணத்திற்கும் மேற்பட்டது. தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி வெப்பத்திற்குள் வைத்துக் காக்க வேண்டும். காற்றடித்து மரம் சாய்ந்து, மலைக் கம்பி அறுந்து, மின்சாரம் நின்றுபோகும் நாளில், குளிர்பெட்டி சூடேறினால் மருந்து பயனற்றுப் போகிறது. கூரையில் தகடு இருந்தால் அந்தக் கவலை பெரிதும் குறையும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சூரிய ஒளித் தெருவிளக்குகள் பல ஊர்களில் நிறுவப்பட்ட சில ஆண்டுகளில் குருடாகி நிற்பதைக் காண்கிறோம். தகடு கெடவில்லை, மின்கலம் கெட்டது. மின்கலத்திற்குச் சில ஆண்டு வாழ்வே உண்டு. அதை மாற்றுவதற்கென்று மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்காத ஊர், விளக்கை நன்கொடையாகப் பெற்றும் இருட்டில் நிற்கும். மாடு வாங்கியவன் தீவனத்திற்கும் வழி பார்க்க வேண்டுமன்றோ?

கூட்டாகச் செய்தால் குறை வராது

மின்சாரத்தைக் கூட்டுறவு முறையில் கையாளுதல் புதுமையன்று. தெலங்கானாவில் நெசவுத் தொழில் நிறைந்த சிர்சில்லாவில், 1970 முதல் மின் விநியோகக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இயங்கி வந்துள்ளது. மின்சாரத்தை உபயோகிப்பவரே அதன் அங்கத்தினர். கடல் கடந்து டென்மார்க்கிற்குச் சென்றால், கோபன்ஹேகன் துறைமுகத்தருகே கடலில் 2000-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இருபது காற்றாலைகளைக் காணலாம். அவற்றுள் பத்து, எட்டாயிரத்திற்கும் மேற்பட்ட பங்காளிகளைக் கொண்ட கூட்டுறவுச் சங்கத்தின் உடைமையாக அமைந்தன. ஓடந்துறை ஊராட்சியாய் நின்று செய்ததை அவர்கள் சங்கமாய்க் கூடிச் செய்தனர்.

நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. தனித்தனியே ஒவ்வொரு ஊராட்சியும் பத்து விளக்கு, ஒரு பம்பு என்று வாங்கினால் சில்லறை விலைதான் கிடைக்கும். பல ஊராட்சிகளும் சங்கங்களும் ஒன்றுகூடித் தேவையைத் திரட்டினால் மொத்த விலைக்குக் கேட்கலாம். பழுது பார்ப்பதற்கு மலையிலேயே இரண்டு இளைஞர்களைப் பயிற்றி வைக்கலாம். இன்று ஒரு மோட்டார் பழுதானால் அதை மலையிறக்கிக் கொண்டுபோய்த் திரும்ப ஏற்றும் வண்டிக் கூலியே சுமை. நீரில்லாமல் கழியும் நாட்களின் துன்பம் அதற்கு மேல்.

எங்கே தொடங்குவது?

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்கலாம். ஊராட்சியின் ஒவ்வொரு மின் இணைப்பையும் வரிசையாக எழுதுக. எத்தனை யூனிட், எவ்வளவு தொகை என்று ஒவ்வொரு கட்டணச் சீட்டிலிருந்தும் குறிக்க. எங்கோ ஒரு மூலையில் பயனற்றுப் போன ஆழ்குழாய்க் கிணற்றின் இணைப்பிற்குக் கட்டணம் சென்றுகொண்டிருப்பது அப்போதே கண்ணிற் படலாம். ஓடாத மீட்டரும், தவறாகப் பதிந்த கணக்கும் வெளிப்படலாம். ஆறு மாதக் கணக்கு எழுதினால், எந்தப் பம்பு நோயுற்றது, எந்தத் தெரு பகலில் எரிகிறது என்பது தானே தெரியும்.

அந்தப் புத்தகத்தைக் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். முன்பு ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைகள் 2022-இல் ஆறாக உயர்த்தப்பட்டன; உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அவற்றுள் ஒன்று. குடிநீர்ப் பம்பின் கணக்கைக் கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. சேமித்த தொகை எவ்வளவு என்று சபையில் சொல்லி, அதை வேறு செலவில் கரைத்துவிடாமல் தனிக் கணக்கில் வைத்து, அதைக்கொண்டே அடுத்த பம்பை மாற்ற வேண்டும். ஒரு பம்பின் மிச்சம் இன்னொரு பம்பை வாங்கும். விளக்கின் மிச்சம் கூரைத் தகட்டை வாங்கும். ஓடந்துறையின் 40 லட்சம் ஒரே நாளில் வந்ததன்று.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. நீர் வரும் நேரத்தைக் குறைத்தும், பாதை விளக்குகளைப் பிடுங்கியும் கட்டணத்தைக் குறைத்தோம் என்று பெருமை கொள்ளுதல் கஞ்சத்தனம். அதே நீரையும் அதே வெளிச்சத்தையும் குறைந்த மின்சாரத்தில் தருவதே சிக்கனம். இவ்வேறுபாட்டை உணர்ந்த ஊரில், கட்டணச் சீட்டு இளைக்கும்; குழாயில் நீர் இளைக்காது.

நெசவாளருக்கு இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இழை அறுந்தவுடன் தறியை நிறுத்தி முடிச்சுப் போடுபவர் அவர். ஒரு முழம் கடந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சேலையே பாழ் என்பது அவருக்குத் தெரியும். சாமை விளைப்பவரும் வரப்பில் ஒரு நண்டு வளை கண்டால் உடனே மிதித்து அடைப்பார். தம் தறியிலும் வரப்பிலும் காட்டும் அந்த விழிப்பை ஊர்ப் பம்பிலும் ஊர் விளக்கிலும் நம் அங்கத்தினர் காட்டுவார்களாயின், மலையூர் ஊராட்சிகளின் கட்டண நிலுவை தீரும். அப்பணம் குடிநீராகவும் பாதையாகவும் நம்மிடமே திரும்பி வரும். அடுத்த கிராம சபைக்குச் செல்லும் அன்பர்கள், தங்கள் ஊரின் மின் கட்டணச் சீட்டைக் காட்டுமாறு மரியாதையுடன் கேட்பார்களாக.